குழந்தைகளின் ஆஸ்துமாவும் குடும்ப வழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூச்சிரைப்போடு வரும் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே மருத்துவர் கேட்டுவிடும் கேள்வி, “வீட்டில் வேறு யாருக்காவது ஆஸ்துமா உண்டா?” என்பது. தாய் உடனே “இல்லை” என்பார். அருகில் நிற்கும் பாட்டி, “ஆஸ்துமா எல்லாம் யாருக்கும் கிடையாது டாக்டர், எனக்குத்தான் மார்கழிப் பனி ஒத்துக்காது, கொஞ்சம் இழுக்கும்” என்பார். அவர் கையிலுள்ள மஞ்சள் பையில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவே, நீல நிற இன்ஹேலர் ஒன்று கிடக்கும். செலவில்லாத, ஊசி குத்தாத இந்த ஒரு சோதனை நம் வீடுகளில் பல நேரம் தவறான விடையையே தருகிறது. அதனால், குடும்ப வழியைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே சற்று விரிவாகவே விடை தரப்படுகிறது.

ஆஸ்துமா பரம்பரை நோய்தானா?

பரம்பரையாக வருவது நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகு. தலசீமியா என்னும் பிறவி இரத்தசோகை போன்ற நோயில் ஒரே ஒரு மரபணுவின் பழுது போதும். பழுதான படியைத் தாயும் தந்தையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு நோய் வந்தே தீரும். ஆஸ்துமாவுக்கு அப்படி ஒரு தனி மரபணு கிடையாது. ஒவ்வொன்றும் மிகச் சிறிய விளைவையே உடைய பல மரபணு மாற்றங்கள் ஒரு குழந்தையிடம் வந்து சேர்கின்றன. அவற்றின் மேல் வைரஸ் காய்ச்சல், புகை, தூசுப் பூச்சி போன்றவை வந்து படும்போதுதான் மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்குகிறது.

இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையரைக் காட்டிலும் தெளிவாக அதிகம். ஆயினும் ஒரே மரபணுத் தொகுதியைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் இரைக்க, மற்றவர் நன்றாக ஓடியாடும் இணைகளும் நிறையவே உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் ஆஸ்துமாவின் மரபுவழிப் பங்கை 50 முதல் 80 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வருவதற்கும் சிலருக்கு வராமல் இருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை மரபணு எவ்வளவு தூரம் விளக்குகிறது என்பதே அந்த எண்ணின் பொருள். அதை ‘என் மகளின் இரைப்பில் 60 விழுக்காடு மரபணு, மீதி தூசி’ என்று பிரித்துக்கொள்ள முடியாது.

பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு?

ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு கூடுகிறது. இருவருக்கும் இருந்தால் அதற்கும் மேல். மடங்குக் கணக்கு கேட்பவரை மிரட்டும் என்பதால் அதைக் கொஞ்சம் உடைத்துப் பார்ப்பது நல்லது. எளிய கணக்குக்காக, குடும்ப வரலாறு இல்லாத 100 குழந்தைகளில் 5 பேருக்கு ஆஸ்துமா வருவதாக வைத்துக்கொள்வோம். தந்தைக்கோ தாய்க்கோ ஆஸ்துமா உள்ள 100 குழந்தைகளில் அது 10 முதல் 15 பேர் ஆகும். அதாவது 85 முதல் 90 குழந்தைகளுக்கு வருவதில்லை. “எனக்கு இருக்கிறது, அதனால் பிள்ளை பெற்றுக்கொள்ளப் பயமாக இருக்கிறது” என்று சொல்லும் இளந்தம்பதியர் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்த 85.

தாய் வழி ஆபத்து அதிகமா, தந்தை வழி ஆபத்து அதிகமா?

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தாய்க்கு ஆஸ்துமா இருக்கும்போது பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. தாய் வழியில் சுமார் 3 மடங்கு, தந்தை வழியில் சுமார் இரண்டரை மடங்கு. மரபணுவைத் தவிரக் கருப்பையின் சூழலையும் தாயே தருகிறார் என்பது இதற்கு ஒரு விளக்கம். கர்ப்ப காலத்தில் தாயின் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாவிட்டால் குறைப்பிரசவமும் எடைக் குறைவும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. அவ்விரண்டும் குழந்தையின் நுரையீரலைப் பலவீனப்படுத்துகின்றன. ஆகவே ‘வயிற்றில் பிள்ளை இருக்கிறது’ என்று இன்ஹேலரை நிறுத்திவிடுவது, பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு.

இந்தச் சிறு வேறுபாட்டை எடுத்துக்கொண்டு ‘உன் வீட்டு நோய்’ என்று மருமகளைக் குத்திக்காட்டுவோர் இருக்கிறார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றுக்கும் இரண்டரைக்கும் உள்ள இடைவெளி ஒரு தனிக் குடும்பத்தில் எதையும் நிறுவாது. அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் பல பெண்கள், பெண் பார்த்த நாளிலிருந்து மறைத்து வைத்த தங்கள் சிறுவயது இழுப்பைப் பிள்ளையின் மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் விடுகிறார்கள்.

எங்கள் இருவருக்குமே இல்லை. பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்தது?

குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலும் ஆஸ்துமா வரும். அப்படிப்பட்ட குழந்தைகள் அரிதானவர்களும் அல்லர். ஆனால் ‘இல்லை’ என்ற விடையை ஒரு முறை சரிபார்த்துவிட வேண்டும். தமிழில் இந்நோய்க்கு ஊருக்கு ஊர் பெயர் உண்டு: இழுப்பு, இரைப்பு, ஈளை, வீசிங்; இலங்கையில் தொய்வு, முட்டு. இவை போதாதென்று மறைபெயர்கள் வேறு. ‘ஈஸ்னோபீலியா’, ‘சளித் தொந்தரவு’, ‘குளிர்ந்த உடம்பு’, ‘டஸ்ட் அலர்ஜி’ என்று வீட்டில் சொல்லப்பட்டதில் ஒரு பகுதி ஆஸ்துமாவாகவே இருந்திருக்கும். சிறுவயதில் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ (குழந்தைகளின் தொடக்கநிலைக் காசநோய்) என்று மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டதாக நினைவுகூரும் தந்தைகளில் சிலருக்கும் உண்மையில் இருந்தது இதுதான்.

தந்தையின் நோய் ஏழெட்டு வயதோடு அடங்கிப்போயிருக்கலாம். அவருக்கு அது நினைவில் இராது, அவருடைய தாய்க்கு இருக்கும்.

குடும்பத்தில் ஆஸ்துமா இல்லை. கரப்பானும் தும்மலும் உண்டு. அதையும் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். கரப்பான் எனப்படும் எக்ஸிமா, ஒவ்வாமை மூக்கொழுகல், சில உணவு ஒவ்வாமைகள், ஆஸ்துமா ஆகிய நான்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். தந்தைக்குக் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், அத்தைக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு, குழந்தைக்கு இரைப்பு என்று ஒரே சாய்வு வெவ்வேறு உறுப்பில் முகம் காட்டும். ஒரே குழந்தையிடமும் கைக்குழந்தைப் பருவத்தில் தோல், பிறகு உணவு, பிறகு மூச்சுக்குழாய், மூக்கு என்ற வரிசையில் இவை வந்துபோவதுண்டு.

தோலுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தோலின் மேலடுக்கை இறுக்கமாகக் கட்டிவைக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பானும், கரப்பானோடு சேர்ந்து வரும் ஆஸ்துமாவும் அதிகம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். அந்தப் புரதம் மூச்சுக்குழாயில் அனேகமாக இல்லை. விரிசல் விட்ட தோல் வழியாகத் தூசுப் பூச்சியும் உணவுத் துணுக்கும் உள்ளே நுழைந்து, நோயெதிர்ப்பு அமைப்பை அங்கேயே பகையாளியாக்கிவிட, அந்தப் பகை பின்னாளில் நுரையீரலில் வெளிப்படுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இக்குறை உள்ள சிலரின் உள்ளங்கையில் வழக்கத்தைவிட அதிகமான ரேகைகள் ஆழமாக ஓடும். முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில்போல் காய்ந்திருக்கும். கைரேகை பார்த்து மருத்துவம் சொல்லத்தக்க அரிய இடங்களில் இது ஒன்று. ஐரோப்பியரிடம் பரவலாக உள்ள பிலாக்ரின் மாற்றங்கள் ஆசிய மக்களிடம் அரிது. இங்கே காணப்படுபவை வேறு மாற்றங்கள்.

எந்த மரபணு என்று கண்டுபிடித்துவிட்டார்களா?

ஒன்றல்ல, மனித மரபணுத் தொகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் ஆஸ்துமாவோடு தொடர்புடையவையாக அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றில் குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு மிக உறுதியாகப் பிணைந்திருப்பது 17ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி. இது 2007இல் வெளிவந்தது. அந்தப் பகுதியின் வரலாறு, மரபணு தனியாக வேலை செய்வதில்லை என்பதற்கு நல்ல சான்று. வீட்டில் புகைப்பவர் இருக்கும்போது அந்த மாற்றத்தின் விளைவு கூடுகிறது என்று 2008இலும், சாதாரண சளிக்குக் காரணமான ரைனோ வைரஸால் சிறுவயதில் இரைப்பு வந்த குழந்தைகளிடமே அது வலுவாக வெளிப்படுகிறது என்று 2013இலும் ஆய்வுகள் காட்டின. 2014இல் கண்டறியப்பட்ட இன்னொரு மரபணு, அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்க நேரும் கடுமையான இரைப்போடு தொடர்புடையது. ரைனோ வைரஸின் ஒரு வகை மூச்சுக்குழாய் உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் வாசலே அந்த மரபணு தரும் புரதம்தான் என்பது மறு ஆண்டு தெரியவந்தது.

பரம்பரையின் வலிமையை ஒரு மக்கள் கூட்டத்தில் நேரே பார்க்க வேண்டுமானால் தெற்கு அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் உள்ள டிரிஸ்டன் ட குன்யா தீவைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய சுமார் 15 பேரின் வழிவந்த முந்நூறுக்கும் குறைவானவர்கள் வாழும் தீவு அது. 1961இல் எரிமலை வெடித்தபோது அத்தனை பேரையும் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார்கள். அவர்களிடையே இரைப்பு நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பது அங்கே மருத்துவர்கள் பரிசோதித்தபோது தெரிந்தது. 1990களில் டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் தீவுக்கே சென்று பார்த்ததில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஆஸ்துமாவின் முழுமையான அல்லது பகுதியளவு அடையாளங்கள் இருந்தன. வந்து குடியேறிய சில முன்னோரின் உடல்வாகு, வெளியிலிருந்து மணவுறவு அதிகம் வராத அந்தத் தீவில் தலைமுறைகளாகச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

அப்படியானால் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகமா?

தமிழகத்தில் தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது இன்றும் தொடர்வதால் இக்கேள்வி எழுவது இயல்பே. ஒற்றை மரபணு நோய்களில் சொந்தத் திருமணம் ஆபத்தைத் தெளிவாகக் கூட்டுகிறது. ஆஸ்துமாவில் அதன் தாக்கம் அவ்வளவு நேரடியானதல்ல. ஒரே தாத்தாவின் இழுப்பு தாய்க்கும் தந்தைக்கும் சேர்ந்தே வந்திருந்தால், ‘பெற்றோர் இருவருக்கும் ஆஸ்துமா’ என்ற நிலை உருவாகிறது. அந்த அளவில் வாய்ப்பு கூடும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆஸ்துமா போலவே தோன்றி ஆஸ்துமா அல்லாத சில நோய்கள் உண்டு. சளி கெட்டிப்பட்டு நுரையீரலையும் செரிமான உறுப்புகளையும் அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும், மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் பிறவியிலேயே சரியாக அசையாத நோயும் அத்தகையவை. இரண்டும் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான படி வந்து சேரும்போது உண்டாகின்றன. பிறந்த சில நாளிலேயே தொடங்கி விடாமல் நீடிக்கும் சளி இருமல், எடை ஏறாமை, எண்ணெய் பிசுக்குள்ள மலம், திரும்பத் திரும்ப நிமோனியா, விரல் நுனி பருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்து, பெற்றோரும் உறவினராக இருந்தால், அதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இன்ஹேலரை மாற்றி மாற்றிக் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டு வீணாவதை அந்த ஒரு வரி தடுக்கும்.

மரபணுச் சோதனை செய்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியாது. எச்சிலை அனுப்பினால் ஆஸ்துமா ஆபத்தைச் சொல்கிறோம் என்னும் விளம்பரங்களுக்குச் செலவிடும் பணத்தை, குழந்தையின் தலையணைக்கும் மெத்தைக்கும் தூசுப் பூச்சி புகாத உறை வாங்கச் செலவிடலாம்.

இரண்டு வயது மகனுக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வருகிறது. என் மனைவிக்கு ஆஸ்துமா உண்டு. இவனுக்கும் நிலைத்துவிடுமா?

குடும்ப வரலாறு உண்மையில் பயன்படும் இடம் இதுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசானில் 1980இல் தொடங்கி, 1,246 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வயதுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒரு முறையாவது இரைப்பு வந்தது. அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினருக்கு ஆறு வயதில் அது இல்லை. மூச்சுக்குழாய் சிறிதாக இருக்கும் வயதில் வைரஸ் சளி வந்தாலே சீழ்க்கை ஒலி கேட்கும்; குழாய் வளர்ந்ததும் நின்றுவிடும். யாருக்கு நிற்கும், யாருக்கு நிலைக்கும் என்று பிரிக்க அந்த ஆய்விலிருந்து 2000ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் உருவானது.

முதல் மூன்று வயதுக்குள் அடிக்கடி இரைப்பு வந்த குழந்தையிடம் இரண்டு பெரிய அடையாளங்களில் ஒன்றோ, மூன்று சிறிய அடையாளங்களில் இரண்டோ உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்கு மருத்துவர் உறுதிசெய்த ஆஸ்துமா இருப்பதும், குழந்தைக்கே கரப்பான் இருப்பதும் பெரியவை. ஒவ்வாமை மூக்கொழுகல், சளி இல்லாத நாளிலும் இரைப்பு வருதல், இரத்த வெள்ளையணுக்களில் ஒவ்வாமையின்போது கூடும் ஈஸ்னோபில் வகை 4 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருத்தல் ஆகியவை சிறியவை. இந்த அளவுகோலில் தேறியவர்களில் 76 விழுக்காட்டினருக்கு 6 முதல் 13 வயதுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஆஸ்துமா இருந்தது. தேறாதவர்களில் 95 விழுக்காட்டினருக்கு இல்லவே இல்லை. உங்கள் மகனுக்கு இரைப்பு அடிக்கடி வருகிறது, தாய்க்கு ஆஸ்துமாவும் உள்ளது என்பதால் அவன் கவனித்துத் தொடர வேண்டிய பக்கத்தில் இருக்கிறான். தாய்க்கு இருப்பதை மறைத்திருந்தால், அவன் மறுபக்கத்தில் தவறாக எழுதப்பட்டிருப்பான்.

அப்படியானால் இப்போதிருந்தே தினமும் இன்ஹேலர் கொடுத்தால் நோய் வராமல் தடுக்கலாமா?

இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். மேற்சொன்ன அளவுகோலின் திருத்தப்பட்ட வடிவில் தேறிய, 2, 3 வயதுக் குழந்தைகள் 285 பேரில் ஒரு பகுதியினருக்கு இரண்டு ஆண்டு ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுத்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. கொடுத்த காலம் முழுவதும் இரைப்பு குறைந்திருந்தது. நிறுத்திய அடுத்த ஆண்டில் அந்தப் பயன் மறைந்துவிட்டது. ஆகவே இன்ஹேலர் இரைப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து. தொந்தரவு உள்ள குழந்தைக்கு அது தேவை. தொந்தரவே இல்லாத தம்பிக்கு, அண்ணனுக்கு இருக்கிறது என்பதற்காகக் கொடுப்பதில் பொருளில்லை.

மரபிலேயே இருக்கிறது என்றால் வீட்டில் எதைச் செய்து என்ன பயன்?

அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உள்ளன. இரண்டும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலிருந்து வந்தவை; மரபணுவில் மிக நெருக்கமானவை; உணவும் குடும்ப வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஆமிஷ் குழந்தைகளில் 5.2 விழுக்காட்டினருக்கும், ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 விழுக்காட்டினருக்கும் ஆஸ்துமா. 2016இல் வெளியான ஆய்வு இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியது. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள், தொழுவம் வீட்டை ஒட்டியே இருக்கிறது, குழந்தைகள் அதில் விளையாடி வளர்கிறார்கள். ஹட்டரைட் மக்களுடையது இயந்திரம் கொண்டு செய்யும் பெரும்பண்ணை, குழந்தைகளுக்கு மாட்டோடு பழக்கமில்லை. ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் நச்சுக்கூறு ஏறத்தாழ 7 மடங்கு அதிகம். சிறுவயதிலேயே அதைச் சுவாசித்துப் பழகிய நோயெதிர்ப்பு அமைப்பு, தேவையற்ற பகையை வளர்ப்பதில்லை. நகரத்து அடுக்ககத்தில் தொழுவம் கட்ட முடியாதுதான். ஒரே மரபு, நான்கு மடங்கு வேறுபாடு என்ற கணக்கு மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

செய்யக்கூடியவற்றில் புகைதான் முதலிடம். கர்ப்ப காலத்திலும் குழந்தையின் முதல் சில ஆண்டுகளிலும் வீட்டில் எவரும் புகைக்கக் கூடாது. மொட்டை மாடிக்குப் போய்ப் புகைத்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்குவதும் கணக்கில் சேரும். சிகரெட்டே இல்லாத வீட்டிலும் புகை இருக்கிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் அதைக் கட்டிலுக்கடியில் வைப்பது நம் வழக்கம். கொசுவலை போதும். குளிப்பாட்டியபின் குழந்தையின் தலைக்குக் காட்டும் சாம்பிராணிக்கும், விறகடுப்புக்கும், தீபாவளி வாரத்துப் பட்டாசுக்கும் இதே விதிதான். தாய்ப்பால் முதல் ஆண்டுகளின் இரைப்பைக் குறைக்கிறது. தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவற்றைக் காரணமின்றி நிறுத்துவதால் குழந்தை இளைப்பதைத் தவிர வேறு பலனில்லை.

ஆண் குழந்தைக்கா, பெண் குழந்தைக்கா அதிகம்? வளர்ந்தால் போய்விடுமா?

பருவமடையும் வரை ஆண் குழந்தைகளிடமும், அதன் பிறகு பெண்களிடமும் அதிகம். பலருக்கு வளரும்போது அடங்கும். பெற்றோருக்கு ஆஸ்துமாவும் குழந்தைக்குக் கரப்பானும் சேர்ந்திருந்தால் அடங்குவது குறைவு. அடங்கியது முப்பது வயதில் திரும்பி வருவதும் உண்டு.

மருத்துவரிடம் போகும் முன் குடும்ப வரலாற்றை எப்படித் திரட்டுவது?

‘ஆஸ்துமா’ என்ற சொல்லை விட்டுவிட்டு நிகழ்வுகளைக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டுப் பாட்டிகளையும் தொலைபேசியில் அழைத்து, “அவர் சின்ன வயதில் ராத்திரி இருமி எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா, மழைக்காலத்தில் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறாரா, ஆவி பிடிக்க, நெபுலைசர் வைக்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா, கை கால் மடிப்பில் புண் வந்து ஆறாமல் இருந்ததா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், ‘இல்லை’ என்று தொடங்கிய பேச்சு பத்து நிமிடத்தில் பெரியப்பா வரைக்கும் போய்விடும். பெற்றோர், உடன்பிறந்தோர், இரு வழித் தாத்தா பாட்டி, மாமன், சித்தி, அத்தை, சித்தப்பா ஆகியோரில் யாருக்கு, எந்த வயதில், என்ன இருந்தது, இன்றும் மருந்து உண்டா என்று குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். அட்டை எப்படியும் ஒவ்வொரு முறையும் உடன் வரும். பாட்டி இன்ஹேலர் வைத்திருந்தால், அதன் பெயரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.